ரீல் பேரிங்: செராமிக் வாங்குவதற்கு முன்னால் கழுவிப் பாருங்கள்

மீன்பிடி ரீல்களில், எறியும்போது தூண்டில் நரம்பு சுற்றிய உருளையே சுழல்வது பெய்ட்காஸ்டிங் ரீல். அதை வைத்திருப்பவர்கள் ஒரு சீசன் எறிந்து முடித்ததும் அடுத்து கேட்பது செராமிக் பேரிங் எங்கே கிடைக்கும் என்றுதான். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் பர்ஸைத் திறக்கும் முன் ரீலைத் திறந்து, இப்போது உள்ளே இருக்கும் பேரிங்கை ஒருமுறை கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு எறிந்து பாருங்கள். புது ரீல்களில், அதுவும் விலை குறைந்தவற்றில், பேரிங்குக்குள் கிரீஸோ கெட்டியான எண்ணெயோ போட்டுத்தான் அனுப்புகிறார்கள், மாதக்கணக்கில் கடையில் கிடந்தாலும் துரு ஏறக்கூடாதே என்பதற்காக. அந்தக் கிரீஸை எடுத்தாலே எறிதூரத்தில் வித்தியாசம் தெரியும், பாதிப் பேருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

முதலில் எந்த பேரிங்கைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெட்டியில் 7+1 என்று போட்டிருந்தால் அந்த +1 கைப்பிடி பின்னால் சுற்றாமல் பிடித்து நிறுத்தும் உருளை பேரிங். மீதி ஏழும் கியர், கைப்பிடி, நரம்பை இடம் வலமாகப் பரப்பும் லெவல் வைண்ட் என்று பல இடங்களில் பிரிந்து கிடக்கும். நீங்கள் லூரை, அதாவது செயற்கை இரையை, எறியும்போது ஸ்பூலை (நரம்பு சுற்றிய உருளையை) தாங்கிச் சுற்றுபவை இரண்டே இரண்டு, சில மாடல்களில் மூன்று. எறிதூரம், சத்தம், பேக்லாஷ் (ஸ்பூலில் நரம்பு குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்வது) எல்லாம் இவற்றின் கையில்தான். பத்து பேரிங் ரீல் ஐந்து பேரிங் ரீலை விட தூரம் போகும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஒரு ஸ்பூல் பேரிங் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கத் தகட்டில், பிரேக் இருக்கும் இடத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும். இன்னொன்று கைப்பிடிப் பக்கம். அது ஸ்பூலின் ஆட்டத்தை இறுக்கும் டென்ஷன் குமிழின் மூடிக்குள் இருக்கலாம், அல்லது ஸ்பூலின் அச்சிலேயே செருகி, வெளியே வராதபடி ஒரு குட்டிப் பின் குறுக்கே அடித்திருக்கலாம். ஷிமானோ கம்பெனி ரீலின் பல மாடல்களில் இந்தப் பின் வகையைப் பார்க்கலாம்.

கழற்றுவது

பக்கத்தகட்டில் உள்ள பேரிங்கை மெல்லிய கம்பி வளையம் ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். குண்டூசியால் அதன் முனையை நெம்பினால் வந்துவிடும், வந்த வேகத்தில் பறந்தும் போய்விடும். அதனால் கையையும் தகட்டையும் ஒரு கண்ணாடிக் கவருக்குள் விட்டுக்கொண்டு நெம்புங்கள், பறந்தாலும் கவருக்குள்தான் கிடக்கும். வேலை செய்யும் மேசையில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்துக்கொள்வதும் நல்லது. கழற்றுகிற வரிசையில் ஒவ்வொரு கட்டமாக போனில் படம் எடுத்து வைத்துவிட்டால் திரும்பப் பூட்டும்போது அந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று முழிக்க வேண்டியதில்லை.

பின் அடித்த வகை என்றால் அவசரப்படாதீர்கள். இடுக்கியால் ஒருபக்கமாக அழுத்தினால் ஸ்பூல் அச்சு வளையும். வளைந்த அச்சோடு எந்த பேரிங் போட்டாலும் ஸ்பூல் அதிரத்தான் செய்யும். அந்தப் பின்னை எடுப்பதற்கென்றே சின்னக் கருவி விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாத பட்சத்தில் பேரிங்கை அச்சிலேயே விட்டு, ஸ்பூலில் சால்வென்ட் (கிரீஸைக் கரைக்கும் திரவம்) படாதபடி பட்ஸால் தொட்டுத் தொட்டுச் சுத்தம் செய்யலாம். முழுச் சுத்தம் வராது, ஓரளவு வரும்.

கழுவுவது

பேரிங்கின் இருபக்கமும் தகரத்தில் மெல்லிய மூடி இருக்கும். அதன் ஓரத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளத்துக்குள் முழுவட்டமாகச் சேராத ஒரு வளையம் தெரியும், இரு முனைக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கும். ஊசி முனையை அந்த இடைவெளியில் வைத்து உள்நோக்கித் தள்ளினால் வளையம் கழன்று, மூடியும் கூடவே விழும். உள்ளே குண்டுகள் வரிசையாக, அவற்றைப் பிடித்திருக்கும் கூண்டோடு தெரியும். ஒரு பக்க மூடியைக் கழற்றினால் போதும். சில பேரிங்கில் மூடியை அழுத்தி மூடிவிட்டிருப்பார்கள், வளையமே இருக்காது. அதை நெம்பிக் கெடுக்காமல் அப்படியே ஊறப் போடுங்கள். ரப்பர் மூடி என்றால் உட்பக்க விளிம்பில் ஊசியை விட்டு மெதுவாகத் தூக்கினால் வரும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள், சால்வென்டில் போடாதீர்கள், அசிட்டோன் பட்டால் ரப்பர் உப்பிவிடும்.

சால்வென்டுக்கு அசிட்டோன் அல்லது ஐசோபுரொபைல் ஆல்கஹால். கிரீஸை அசிட்டோன் வேகமாகக் கரைக்கும், ஆனால் பெயின்டையும் சில பிளாஸ்டிக்குகளையும் சேர்த்துக் கரைக்கும், அதனால் ரீல் உடம்பில் ஒரு துளியும் படக்கூடாது. கூண்டு பிளாஸ்டிக் என்றால் ஆல்கஹாலே பாதுகாப்பு. மூடி உள்ள சின்னக் கண்ணாடி பாட்டிலில் பேரிங்கைப் போட்டு, அது மூழ்குமளவு ஊற்றி, கொஞ்சம் ஊறவிட்டுக் குலுக்குங்கள். கலங்கிய திரவத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றித் திரும்பவும் குலுக்குங்கள், தெளிவாக நிற்கும் வரை இதையே செய்யுங்கள். இரண்டுமே சட்டெனத் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்படியில் வேண்டாம், பக்கத்தில் ஊதுபத்தி கூட எரியக்கூடாது, காற்றோட்டமான மொட்டை மாடியோ பால்கனியோ சரியான இடம்.

எடுத்து டிஷ்யூவில் வைத்துக் காயவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றில் பேரிங்கைச் சுற்றவிட்டு அந்த விசில் சத்தத்தை ரசிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. எண்ணெயே இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் குண்டும் அது ஓடும் தடமும் தேய்ந்துவிடும்.

காய்ந்த பேரிங்கைப் பென்சில் முனையில் செருகி விரலால் மெல்லச் சுண்டுங்கள். எத்தனை நொடி சுற்றுகிறது என்று எண்ண வேண்டாம், எடையே இல்லாமல் சுற்றுவதற்கும் நரம்பு நிறைந்த ஸ்பூலைத் தாங்கிக்கொண்டு சுற்றுவதற்கும் சம்பந்தம் குறைவு. கவனிக்க வேண்டியது எப்படி நிற்கிறது என்பதை. மெதுவாகத் தளர்ந்து நின்றால் நன்றாக இருக்கிறது. சுற்றிக்கொண்டே இருந்து சட்டென்று ஓரிடத்தில் முட்டி நின்றால், அல்லது விரலில் கரகரவென்று உணர்ந்தால், இன்னும் மணலோ உப்போ உள்ளே இருக்கிறது. இரண்டாம் முறை கழுவிய பிறகும் அதே கரகரப்பு இருந்தால் தடத்தில் துரு குழி போட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த பேரிங்கை மாற்ற வேண்டியதுதான், எண்ணெய் ஊற்றி மறைக்கலாமே தவிர சரி செய்ய முடியாது.

எண்ணெய் ஒரு சொட்டு என்றால் ஒரே சொட்டு. ஊசி முனையில் தொங்குகிற அளவு. விட்டு, விரலால் சுற்றி, டிஷ்யூ ஓரத்தை லேசாகத் தொட்டால் மிச்சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். அதிகமாக விட்டால் ஸ்பூல் சுற்றும் வேகத்தில் எண்ணெய் சிதறி பிரேக் வளையத்தில் படியும். மையவிலக்கு பிரேக் உள்ள ரீலில் பிரேக் கட்டைகள் உரச வேண்டிய இடத்தில் வழுக்க ஆரம்பித்து, ஒரு எறிக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ளும். நேற்று வரை நன்றாக இருந்த ரீல் இன்று ஏன் குருவிக்கூடு கட்டுகிறது என்று தலையைச் சொறிபவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ரீலுக்கென்று விற்கும் எண்ணெய் இருந்தால் அது. இல்லையென்றால் சுத்தமான தையல் மிஷின் எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும், என்ன, சீக்கிரம் திரும்ப விட வேண்டியிருக்கும். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது, நாளானால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும், மார்கழிக் காலையில் உறைந்தும் போகும். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும் அழுக்கைக் கழுவவும் சரி, அதையே பேரிங் எண்ணெயாக விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சரி, மாற்றியே தீருவேன் என்றால்

அளவை முதலில் வெர்னியர் அளவுகோலில் எடுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், இந்த மூன்றும் வேண்டும். ஸ்பூலில் அடிக்கடி பார்ப்பது 3×10×4 மில்லிமீட்டர், சில ரீல்களில் ஒரு பக்கம் 3×8×4 இருக்கும். இவை மீன்பிடி உலகத்துக்கென்று பிறந்த அளவுகள் இல்லை. சாதாரண பேரிங் கடையில் முதலாவதற்கு 623 இசட்இசட், இரண்டாவதற்கு 693 இசட்இசட் என்று பெயர். ஆனால் அந்தப் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் குரோம் எஃகு, முட்டுக்காடு, பழவேற்காடு மாதிரி உப்புத் தண்ணீரில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். எண்ணுக்கு முன்னால் எஸ் இருக்கிற ஸ்டெயின்லெஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள். அதிலும் கிரீஸ் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம், வந்ததும் மேலே சொன்ன குளியல் உண்டு.

ஏபெக் 5, ஏபெக் 7 என்று பெட்டியில் பெரிதாகப் போடுவதற்கு ரொம்ப மயங்க வேண்டாம். 1, 3, 5, 7, 9 என்று போகும் அந்த எண் பேரிங்கின் அளவுகள் எவ்வளவு துல்லியமாக வந்திருக்கின்றன என்பதை மட்டும் சொல்கிறது. என்ன எஃகு, உப்பைத் தாங்குமா, உள்ளே என்ன எண்ணெய் என்பதைப் பற்றி அது வாயே திறக்காது.

செராமிக் என்று விற்பதும் பெரும்பாலும் முழுச் செராமிக் இல்லை. குண்டுகள் மட்டும் சிலிக்கான் நைட்ரைடு, அவை ஓடும் தடம் எஃகுதான். குண்டு துருப்பிடிக்காது, தடம் பிடிக்கும். ஆகவே செராமிக் போட்டுவிட்டேன், இனிமேல் பராமரிப்பே வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. இந்தக் குண்டுகளின் அடர்த்தி எஃகில் பாதிக்கும் குறைவு, கன சென்டிமீட்டருக்கு எஃகு 7.8 கிராம் என்றால் இது 3.2 கிராம். அதனால் ஸ்பூல் சட்டெனக் கிளம்பும். அது யாருக்குப் பயன்படும் என்றால் நாலைந்து கிராம் லூர் எறிபவர்களுக்கு. மலேசியாவில் ஓடைகளில் செபாராவ் மீனுக்குக் குட்டி ஸ்பூன் (கரண்டி வடிவ லூர்) எறிபவர்கள் தாராளமாகப் போடலாம். ஏரியில் விராலுக்குத் தவளை லூரும், முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு இருபது கிராம் மினோவும் (குட்டி மீன் வடிவ லூர்) எறிகிறவருக்கு லூரின் எடையே ஸ்பூலை இழுத்துக்கொண்டு போய்விடும், வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காசில் நல்ல பிரெய்டு (பின்னல் நரம்பு) வாங்கலாம் என்பேன். இன்னொன்று, செராமிக் சத்தம் போடும். எண்ணெய் காய்ந்தால் எறியும்போது கீச்சென்று கத்தும், புதிதாகப் போட்டவர்கள் ரீல் போச்சு என்று பயந்துவிடுகிறார்கள்.

புது பேரிங் போட்டதும் பழைய பிரேக் அளவிலேயே எறியாதீர்கள். பிரேக்கை இரண்டு படி ஏற்றி, ஸ்பூல் இடம் வலம் ஆடாமல் நிற்கும் அளவுக்கு மட்டும் டென்ஷன் குமிழை இறுக்கி, கொஞ்சம் கனமான லூரோடு ஆரம்பித்து மெல்ல மெல்ல இறங்குங்கள்.

கடலுக்குப் போய் வந்தால்

வீடு வந்ததும் டிராகை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பை) இறுக்கிவிட்டு, குழாயை மெல்லத் திறந்து ரீலின் மேல் தண்ணீர் ஓடவிடுங்கள். வாளிக்குள் முக்குவதும், பைப்பில் விரலை வைத்துப் பீய்ச்சி அடிப்பதும் உப்பை உள்ளே தள்ளும் வேலை. துடைத்து, டிராகைத் தளர்த்தி, பக்கத்தகட்டைத் திறந்து வைத்து நிழலில் காயவிடுங்கள். மறுநாள் இரண்டு ஸ்பூல் பேரிங்குக்கும் ஒரு சொட்டு. மூன்று நாலு முறை கடலுக்குப் போய் வந்த பிறகு ஒரு முழுக் கழுவல். ஏரி, ஆறு மட்டும் என்றால் இவ்வளவு தேவையில்லை, சத்தம் மாறினால் பார்த்தால் போதும்.

மற்ற பேரிங்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைப்பிடிக் குமிழில் பேரிங்குக்குப் பதிலாக பிளாஸ்டிக் புஷ் (வளையம்) இருந்தால் அதை எடுத்துவிட்டு பேரிங் போடலாம், பல ரீல்களில் 4×7×2.5 அளவு சேரும், சுற்றக் கைக்கு இதமாக இருக்கும், தூரம் ஒரு அடி கூட அதிகரிக்காது. கியர் பக்கத்து பேரிங்குகள் சுமை தாங்குபவை, அவற்றில் செராமிக் போடுவது வீண், கொஞ்சம் கிரீஸ் போதும். டைவா கம்பெனியின் மேக்சீல்டு பேரிங் உள்ள ரீல் என்றால் அந்த பேரிங்கைக் கழுவவும் வேண்டாம், எண்ணெயும் விட வேண்டாம், அதில் காந்தத் திரவம் அடைத்திருக்கிறது, வெளி எண்ணெய் பட்டால் கெட்டுவிடும். கைப்பிடியைப் பின்னால் சுற்றவிடாத அந்த உருளை பேரிங்கில் கிரீஸ் படவே கூடாது, பட்டால் மீன் கடித்ததும் இழுத்துக் கொக்கி ஏற்றும் நேரத்தில் கைப்பிடி பின்னால் நழுவும். அப்படி நழுவ ஆரம்பித்தால் ஆல்கஹால் நனைத்த பட்ஸால் உருளைகளைத் துடைத்து, மெல்லிய எண்ணெயை விரல் நுனியில் தொட்டு, பட்டும் படாமலும் தடவினால் பிடிப்பு திரும்பிவிடும்.