முதல் கிட்டாரைக் கடையிலேயே சோதித்து வாங்குவது எப்படி?

ஆசையாக வாங்கிய கிட்டாரைச் சில மாதங்களில் பரண்மேல் ஏற்றிவிட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "விரல் வலி தாங்கவில்லை" என்பார்கள். பழகும் காலத்தில் வலி இருக்கத்தான் செய்யும். ஆனால் பல வீடுகளில் குற்றம் விரலுடையது அல்ல. கம்பிகள் தேவைக்கு மேல் உயரமாக நிற்கின்றன. கோவையிலோ ஈரோட்டிலோ கடையில் நிற்கும்போதே இதைக் கண்டுபிடித்துவிடலாம். இது ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக் கிட்டாருக்கான செய்முறை.

கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை: மில்லிமீட்டர் கோடுகள் உள்ள சிறிய ஸ்டீல் ஸ்கேல், கைப்பேசியில் ஒரு ட்யூனர் செயலி, முடிந்தால் ஒரு ஃபீலர் கேஜ் (மிகச் சிறிய இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகளின் தொகுப்பு). பட்டறைகள் நிறைந்த நம் ஊரில் கடைசிப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. வால்வு இடைவெளி பார்க்கும் பைக் மெக்கானிக்கிடம் கேட்டால் கிடைத்துவிடும்.

படி 1: சுருதி சேர்த்த பிறகே அளக்க வேண்டும்

கடையில் தொங்கும் கிட்டாரின் கம்பிகள் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஆறு கம்பிகளும் முழுச் சுருதிக்கு வந்தால் கழுத்தின்மீது சுமார் 70 கிலோ இழுவிசை விழுகிறது. அந்த இழுப்பில்தான் கழுத்து தன் உண்மையான வளைவைக் காட்டும். தளர்ந்த கம்பியில் எடுக்கும் அளவு எப்போதும் கிட்டாரை நல்லதாகவே காட்டும். அதை நம்ப வேண்டாம்.

படி 2: கழுத்தின் வளைவு

கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிகளே ஃபிரெட்டுகள்; தலைப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டில் ஒரு கையாலும், கழுத்து உடலோடு சேரும் ஃபிரெட்டில் (பெரும்பாலும் 14வது) மறு கையாலும் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே நேர்கோல் ஆகிவிட்டது. நடுவில், 7வது ஃபிரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஃபீலர் கேஜின் 0.25 மி.மீ. தகடு கம்பியை லேசாகத் தொட்டபடி நுழைந்தால் கழுத்து சரியாக இருக்கிறது. தகடு தாராளமாக ஆடினால் ட்ரஸ் ராடை (கழுத்தின் உள்ளே ஓடி வளைவைச் சரிசெய்யும் உலோகக் கம்பி) கால் சுற்று இறுக்கித் தரச் சொல்லி, மீண்டும் சுருதி சேர்த்து அளவு எடுங்கள். மலிவான சில கிட்டார்களில் திருப்பக்கூடிய ராடே இருக்காது. கழுத்து வளைந்திருந்து ராடும் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள்.

படி 3: 12வது ஃபிரெட்டில் உயரம்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான சோதனை, அவசரப்படாமல் செய்யுங்கள். ஸ்கேலை 12வது ஃபிரெட்டின் தலையில் செங்குத்தாக நிறுத்தி, கம்பியின் அடிப்பக்கம் வரை அளக்க வேண்டும். தடித்த ஈ கம்பிக்கு ஏறக்குறைய 2.5 மி.மீ., மெல்லிய ஈ கம்பிக்கு 2 மி.மீ. அல்லது சற்றுக் குறைவு என்றால் புதியவரின் விரலுக்கு இதமாக இருக்கும். 3.5 மி.மீ.யைத் தொட்டால் வலி நிச்சயம்.

கழுத்து நேராக இருந்தும் உயரம் கூடியிருக்கிறதா? பிரிட்ஜில் (கம்பிகள் உடலில் மாட்டியிருக்கும் மரக்கட்டை) செருகியிருக்கும், கம்பிகளைத் தாங்கும் வெள்ளை நிறச் சேடிலின் அடியைத் தேய்க்க வேண்டும். 12வது ஃபிரெட்டில் அரை மி.மீ. இறங்க, சேடிலில் ஒரு மி.மீ. தேய்க்க வேண்டியிருக்கும். ஆகவே சேடில் எவ்வளவு வெளியே தெரிகிறது என்றும் கவனியுங்கள். 3 மி.மீ.யாவது தெரிந்தால் இடம் இருக்கிறது. ஏற்கெனவே மூழ்கிக் கிடக்கும் சேடிலும் உயர்ந்த கம்பியும் சேர்ந்து இருந்தால் அந்தக் கிட்டாரை மாட்டிய இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

படி 4: நட், ஃபிரெட், சுருதி

கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட சிறு பட்டைதான் நட். அதன் உயரம் அறிய, 3வது ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே பாருங்கள். மயிரிழை இடைவெளி போதும். அது அதிகமாக இருந்தால் எஃப் கார்டு (பல கம்பிகளை ஒரே விரலால் சேர்த்து அழுத்தும் சுரக்கூட்டு) பிடிக்கும்போது கை துவண்டுவிடும். பிறகு ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃபிரெட்டிலும் மீட்டி, எங்காவது கரகரக்கிறதா என்று கேளுங்கள். கடைசியாக 12வது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். திறந்த கம்பியின் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே வருகிறதா என்று ட்யூனர் சொல்லிவிடும்.

கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். கரூர், ஈரோடு பக்கத்துக் கோடையில் மரம் காய்ந்து சுருங்கும். உலோக ஃபிரெட் சுருங்காது. அதன் முனைகள் துருத்திக்கொண்டு கையைக் கீறும்.

படி 5: மரமும் பெயரும்

ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே தெரியும் மரக்கோடுகள் அப்படியே விளிம்பின் உள்ளே இறங்கினால் ஒற்றைப் பலகை. அடுக்கு அடுக்காகத் தெரிந்தால் லேமினேட். யமஹாவில் எஃப்310 லேமினேட், எஃப்ஜி800 ஸ்ப்ரூஸ் ஒற்றைப் பலகை. ஒற்றைப் பலகையின் நாதம் உயர்ந்ததுதான். ஆனால் நம் வெயிலில் அதை ஈரப்பதம் பார்த்துப் பராமரிக்க வேண்டும். தொடக்கத்துக்கு லேமினேட் போதும் என்பதே என் உறுதியான கருத்து. கொல்கத்தாவில் தயாராகும் கிவ்சனும் அமெரிக்காவின் கிப்சனும் வேறு வேறு நிறுவனங்கள். பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள்.

ஆனைமலையிலும் நீலகிரியிலும் வளரும் ஈட்டி மரத்துக்கு உலகக் கிட்டார்களில் பெரிய இடம் உண்டு. 1833இல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம், பிரேசில் ஈட்டி கிடைப்பது அரிதானபோது, 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறியது. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனாலும் முதல் கிட்டாருக்கு ஈட்டிப் பலகை தேடிச் செலவழிக்க வேண்டியதில்லை.

படி 6: பணம் கொடுக்கும் முன்

"அண்ணா, கம்பி உயரத்தைக் குறைத்து செட்டிங் செய்து கொடுங்கள், அப்புறம் பில் போடுங்கள்" என்று நேராகக் கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். செட்டிங் முடிந்ததும் 2, 3, 4 படிகளை அவர் முன்னாலேயே மீண்டும் செய்து பாருங்கள். வீடு போய்ச் சேரும் வரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை வைக்க வேண்டாம். பிரிட்ஜின் பசை இளகிவிடும். ட்ரஸ் ராடு திருப்பும் ஆலன் சாவியையும் கேட்டு வாங்கி, உறையின் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பருவம் மாறி கழுத்து அசையும்போது அது தேவைப்படும்.