வீட்டிலேயே பைக் டயர் மாற்ற எந்தக் கருவியை முதலில் வாங்கலாம்?

டயர் மாற்றும் கருவி என்றதும் பலரும் நெம்பியைத்தான் (டயர் லீவர்) தேடுகிறார்கள். ஆனால் வீட்டில் வேலை முதலில் தடைப்படுவது டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிக்கும்போதுதான். ட்யூப்லெஸ் டயரில் அது இறுகப் பிடித்திருக்கும். ஆகவே முதல் செலவை, அந்த விளிம்பை அழுத்திப் பிரிக்கும் கருவியான நல்ல பீட் பிரேக்கருக்கு ஒதுக்குங்கள்.

நெம்பிகள் மூன்று வேண்டும். 30 முதல் 40 செ.மீ. நீளம், வழவழப்பாக வளைந்த தட்டை நுனி, அவ்வளவு போதும். மிக நீளமானவற்றை நான் விரும்புவதில்லை. டயர் எங்கே சிக்குகிறது என்பது கைக்குத் தெரிவதற்குள் விளிம்பு கிழிந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். அலாய் ரிம் என்றால் நெம்பி கீறாமல் தடுக்கும் பிளாஸ்டிக் ரிம் காப்புகள் இரண்டையும் சேர்த்து வாங்குங்கள்.

அதிக பலம் தேவைப்பட்டால், இன்னும் பெரிய நெம்பி வாங்க ஓடாதீர்கள். நெம்பும் இடத்துக்கு நேர் எதிரே உள்ள டயர் விளிம்பை முழங்காலால் அழுத்தி, ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்குங்கள். சோப்பு நீரைத் தாராளமாகத் தடவுங்கள். அதன்பின் டயர் எவ்வளவு எளிதாக இறங்குகிறது என்று பாருங்கள்!

காற்றை முழுதாக வெளியேற்ற, வால்வு கோரை (வால்வின் உள்ளே இருக்கும் சிறு பகுதி) கழற்றும் சிறு கருவியும் வேண்டும். ட்யூப் டயருக்குக் கைப்பம்பு போதும். ட்யூப்லெஸ் டயர் ரிம்மில் சரியாக உட்காரப் பெரும்பாலும் கம்ப்ரஸர் தேவைப்படும். சக்கரத்தைத் திரும்ப மாட்டும்போது அச்சு நட்டைச் சரியான அளவுக்கு இறுக்க ஒரு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்).