பயந்த பிள்ளைக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்ம வயதில் முதல்முறையாக ஓட்டுநர் இருக்கையில் உட்காரும் பிள்ளையின் பயம் கைகளிலேயே தெரியும். விரல் முட்டி வெளுக்கும் அளவுக்கு ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும் கைகள். தோள் இரண்டும் மேலே ஏறியிருக்கும். வண்டி நகர்ந்ததும் மூச்சு நின்றுவிடும். இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பொறுமையான ஆள்தான் சொல்லித்தர வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் கோபப்படாதவர், குரலை உயர்த்தாதவர் என்பதோடு பொறுமைக்கான இலக்கணத்தை முடித்துக்கொள்கிறோம். அது போதாது. ஒருமுறைகூடக் கத்தாமலே ஒரு பிள்ளையை முழுக்கக் குழப்பிவிட முடியும். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுப்பதும், சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சொல்வதும்தான் பக்கத்து இருக்கையில் உட்காருபவரின் பொறுமை. பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டிலும்தான் நடக்கின்றன.

தாமதமாகப் பேசுவது

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். 60 என்றால் கிட்டத்தட்ட 17 மீட்டர். தெருமுனைக்கு வந்த பிறகு “இங்க லெஃப்ட்ல திரும்பு” என்று எவ்வளவு சாந்தமாகச் சொன்னாலும் பயனில்லை. அனுபவசாலிக்கு அது ஒரே வேலை. கற்றுக்கொள்பவருக்கு அது ஏழெட்டு வேலை: காதில் வாங்க வேண்டும், எந்தத் தெரு என்று பார்க்க வேண்டும், கண்ணாடி பார்க்க வேண்டும், இண்டிகேட்டர் போட வேண்டும், வேகம் குறைக்க வேண்டும், கியர் மாற்ற வேண்டும், யாராவது குறுக்கே நடக்கிறார்களா என்று கவனிக்க வேண்டும், அதன் பிறகுதான் திருப்ப வேண்டும். இதற்கு நேரம் இல்லாதபோது பிள்ளை கண்ணாடியையும் இண்டிகேட்டரையும் விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை மட்டும் வெடுக்கென்று திருப்பும். உடனே, “கண்ணாடி பாக்கலயே?” என்று கேட்கிறோம். பார்ப்பதற்கு நாம் எங்கே நேரம் கொடுத்தோம்?

எங்கே என்பதை முதலில் சொல்லுங்கள், என்ன செய்ய வேண்டும் என்பதை அடுத்து. “தூரத்துல சிக்னல் தெரியுது பார், அதைத் தாண்டி ரெண்டாவது தெருவுல இடது பக்கம் திரும்பப் போறோம்.” இப்படிச் சொன்னால் பிள்ளை தன் கண்ணாலேயே அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தயாராகிவிடும். சொன்னது தாமதமாகிவிட்டது என்று உங்களுக்கே தோன்றினால் நேராகப் போகவிடுங்கள். அடுத்த தெரு வரும்.

வெறும் பதற்றத்தை மட்டும் கடத்தும் வார்த்தைகள் இன்னொரு தொல்லை. “பாத்து… பாத்து…”, “ஏய் ஏய்”, “அய்யோ.” எதைப் பார்ப்பது, எந்தப் பக்கம், பிரேக் போடவா வேண்டாமா என்று எதுவும் இதில் இல்லை. “இடது பக்கம் நிக்கிற வேனோட கதவு திறக்கலாம், கொஞ்சம் மெதுவாப் போ” என்றால் வேலை நடக்கும். “சரி” என்று சொல்ல நினைத்து வாய்ப்பழக்கத்தில் “ரைட்” என்று சொல்லிவிடுபவர்கள், வண்டிக்குள் அந்த வார்த்தையைத் திசைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்பது

1908ல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரு உளவியலாளர்கள் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தவறான வழியில் போனால் லேசான மின் அதிர்ச்சி. எளிய வேலையாக இருந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலிகள் சீக்கிரம் கற்றன. வேலை கடினமாக இருந்தபோதோ அதிர்ச்சி ஓர் அளவைத் தாண்டியதும் கற்பது தாமதமானது. எலிக்குச் சொன்னதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாதுதான். ஆனால் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் எவரும் இதன் உண்மையைப் பார்த்திருப்பார்கள்: புதிதான, சிக்கலான வேலையில் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் வந்தாலும் கை கால் மறந்துபோகிறது.

கிளட்சையே எடுத்துக்கொள்வோம். பயந்த பிள்ளைகளை அதிகம் அழவைப்பது இதுதான். “கிளட்சை மெதுவா விடு, ஆக்சிலரேட்டரை லேசாக் கொடு” என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் வழக்கமான முறை. இரண்டு காலும் எதிரெதிராக வேலை செய்ய வேண்டும் என்பது முதல் நாளிலேயே வராது. சமதளமான, ஆள் இல்லாத திறந்த இடத்துக்குப் போங்கள். முதல் கியர் போட்டு, வலது காலை ஆக்சிலரேட்டரில் வைக்காமல் பிரேக்கின் அருகிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். இப்போது கிளட்சை நத்தை வேகத்தில் மேலே எடுக்க வேண்டும். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கனத்துக் குறையும், வண்டியில் லேசான அதிர்வு வரும், சக்கரம் உருளத் தொடங்கும். அங்கேயே காலை நிறுத்தச் சொல்லுங்கள். வண்டி ஊர்ந்து போகட்டும். திரும்பக் கிளட்சை முழுக்க அமுக்கி, பிரேக் போட்டு நிறுத்தட்டும். இதையே திரும்பத் திரும்ப. வேறு எதுவும் வேண்டாம், கியர் மாற்றுவதுகூட வேண்டாம். அந்த இடத்தைக் கால் தானாகக் கண்டுபிடிக்கத் தொடங்கியதும், பிள்ளையின் தோள் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். ஆக்சிலரேட்டரை அதன் பிறகு சேர்க்கலாம்.

இதற்கும் முன்னால் ஒரு விஷயம். வண்டி அடிக்கடி ஆஃப் ஆகிறது என்றால் இருக்கையைப் பாருங்கள். கிளட்சை அடிவரை அமுக்கிய பிறகும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். இருக்கை பின்னால் தள்ளி இருந்தால் கால் விரல் நுனியால் கிளட்சை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். நுனிக்காலில் நிதானம் எங்கிருந்து வரும்? இருக்கை, கண்ணாடிகள், சீட் பெல்ட் எல்லாம் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆனாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் தொல்லை இல்லை. அங்கே வேறு ஆபத்து. பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை அமுக்கிவிடுவார்கள். வலது கால் மட்டுமே இரண்டு பெடலுக்கும், இடது காலுக்கு வேலையே இல்லை என்பதை நின்ற வண்டியிலேயே பழக்குங்கள்.

வண்டி ஆஃப் ஆகும்போது

சிக்னல் பச்சைக்கு மாறுகிறது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடுகிறது. பின்னால் ஹாரன். பிள்ளை சாவியைத் திருகுகிறது, கியரில் இருந்து எடுக்கவில்லை, வண்டி மறுபடியும் குலுங்குகிறது. பின்னால் ஹாரன் கூடுகிறது. இந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் பின்னால் திரும்பிக் கை காட்டுவது, “சீக்கிரம், சீக்கிரம்” என்பது, சாவியைத் தானே திருகுவது எல்லாமே பிள்ளையிடம் ஒன்றைத்தான் சொல்கின்றன: பின்னால் இருப்பவர்தான் முக்கியம் என்று.

குரலைத் தாழ்த்தி, வரிசையை மட்டும் சொல்லுங்கள். “பிரேக்ல கால் இருக்கட்டும். கிளட்ச் முழுசா. நியூட்ரல். இப்ப ஸ்டார்ட் பண்ணு. அவங்க காத்திருப்பாங்கப்பா.” சிக்னல் மறுபடி சிவப்பானால் ஆகட்டும். அதைவிட நல்லது, சாலைக்கு வருமுன்னே ஆளில்லாத இடத்தில் வேண்டுமென்றே வண்டியை ஆஃப் செய்யவைத்து, இந்த வரிசையைப் பலமுறை செய்யவைப்பது. ஆஃப் ஆவது ஒரு விபத்து போல மனதில் பதிவதற்குள், அது கையாளத் தெரிந்த ஒரு வேலையாக மாறிவிடும்.

கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடிப்பது

உண்மையான ஆபத்தில் பிடிக்கத்தான் வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் வண்டி சற்று ஓரம் போகும்போதெல்லாம் கை நீண்டால், பிள்ளை தானாகத் திருத்துவதை நிறுத்திவிடும். பயிற்சிப் பள்ளி வண்டியில் பயிற்றுநர் பக்கமும் பிரேக் இருக்கும். அதைச் சத்தமில்லாமல் மிதித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய தவறு. தானே சரியாக நிறுத்தியதாகப் பிள்ளை நம்பிவிடும். மிதித்தால், “இப்ப நான் பிரேக் போட்டேன், ஏன்னு ஓரமா நிறுத்தினதும் சொல்றேன்” என்று சொல்லிவிடுங்கள்.

சொந்த வண்டியில் பழக்கும் பெற்றோருக்கு அந்தப் பிரேக் கிடையாது. அதனால் இடத்தையும் வேகத்தையும் தேர்ந்தெடுப்பதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்று நம்பி இருக்க வேண்டாம். ஓடும்போது லிவர் ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கலாம். பொத்தான் வகை ஹேண்ட் பிரேக் வண்டிக்கு வண்டி வேறுபடும். உங்கள் வண்டிக்கான கையேட்டில் படித்துவிட்டு உட்காருங்கள்.

பெற்றோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல வருடம் ஓட்டியவர்களுக்கும் பழைய பழக்கங்கள் ஒட்டியிருக்கும். கடிகாரத்தில் 10, 2 இருக்கும் இடங்களில் கை வைக்கச் சொல்லித்தான் முன்பு கற்றுக்கொடுத்தார்கள். ஏர்பேக் வந்த பிறகு 9, 3 இருக்கும் இடங்களே பரிந்துரைக்கப்படுகின்றன. ஏர்பேக் விரியும்போது கை முகத்தின் மேல் எறியப்படும் வாய்ப்பு இதில் குறைவு. பயிற்றுநர் ஒன்று சொல்லி, அப்பா வேறொன்று சொல்லி, பின் இருக்கையிலிருந்து அண்ணன் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் தலை சுற்றும். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். பின் இருக்கை காலியாக இருந்தால் இன்னும் நல்லது.

கண்ணை விட்டுவிட்டுக் கையைத் திருத்துவது

வண்டி கோட்டை விட்டு விலகி விலகிப் போகிறது. “நேராப் போ, நேராப் போ” என்கிறோம். கோளாறு பெரும்பாலும் கையில் இருக்காது. 1972ல் மௌரண்ட், ராக்வெல் என்ற இரு ஆய்வாளர்கள் புதிய ஓட்டுநர்களின் பார்வை எங்கே போகிறது என்று ஆராய்ந்தபோது, அனுபவசாலிகளைவிட அவர்கள் வண்டிக்கு மிக அருகிலேயே பார்ப்பதும், கண்ணாடிகளைக் குறைவாகப் பார்ப்பதும் தெரிந்தது. பானட்டுக்கு முன்னால் உள்ள சாலையையே வெறித்தால் ஒவ்வொரு சின்ன விலகலுக்கும் ஸ்டீயரிங்கை ஆட்டத் தோன்றும். “தூரத்துல அந்த வளைவைப் பார்” என்று பார்வையைத் தூக்கிவிடுங்கள். வண்டி தானாக நேராவது பிள்ளைக்கே வியப்பாக இருக்கும்.

பார்வையைச் சோதிக்க எளிய வழி பேசவைப்பதுதான். முதலில் நீங்கள் ஓட்டிக்கொண்டே, பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “சைக்கிள் ஒண்ணு போகுது, பள்ளத்துக்காக விலகலாம், நான் இடம் விடுறேன்.” பிறகு பிள்ளை ஓட்டும்போது சொல்லட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பேச முடியாது என்பதால் இது பயத்துக்கும் மருந்து. பேச்சு திடீரென நின்றால் தலைக்குள் இடம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்போது நீங்களும் பேசாமல், எளிதான சாலைக்கு மாறுங்கள்.

“பயப்படாதே” என்பதும், வெறும் பாராட்டும்

பயப்படாதே என்று சொல்லி யாருக்கும் பயம் போனதில்லை. “இப்ப பயம் பத்துக்கு எத்தனை இருக்கும்?” என்று கேளுங்கள். மூன்று நான்கு என்றால் தொடரலாம். எட்டு என்றால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, எது பயமுறுத்தியது என்று பேசலாம். எல்லாவற்றுக்கும் “சூப்பர்” என்பதையும் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். “அந்த லாரியைப் பாத்ததும் நீயே முன்னாடியே காலைத் தூக்கிட்ட, அது சரி” என்றால் எதைத் திரும்பச் செய்வது என்று தெரியும். தவறைப் பற்றிய பேச்சு எப்போதும் நின்ற வண்டியில்தான். அதிலும் முதலில் பிள்ளை சொல்லட்டும். முக்கால்வாசி அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

பொறுமை என்ற பெயரில் தள்ளிப்போடுவது

பயந்த பிள்ளை என்பதற்காகவே வாரக்கணக்கில் காலி மைதானத்தையே சுற்றவைப்பவர்கள் உண்டு. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் மைதானம் பழகும், சாலை மேலும் பயங்கரமாகும். ஒரு வகுப்பில் ஒரே ஒரு புதுக் கடினம் சேருங்கள்: இன்று சிக்னல், அடுத்து மேடு, அடுத்து எதிரே வரும் வண்டிகளுக்கு நடுவே திரும்புவது. பழகிய பாதையில் தொடங்கிப் புதியதைத் தொட்டுவிட்டுப் பழகியதிலேயே முடிக்கலாம். ஒரே நாளில் மூன்று மணி நேரம் ஓட்டுவதைவிட, இடைவெளி விட்டு ஒரு மணி நேரமாக ஓட்டினால் நன்றாகப் படியும். களைப்பு வந்த பிறகு கற்பதெல்லாம் தவறாகவே கற்கப்படும்.

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு விநாடி இடைவெளி என்ற விதியை ஆரம்பத்திலேயே பழக்குங்கள். மழையில் அது இரட்டிப்பாக வேண்டும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் பதின்ம வயதினர் கேட்பார்கள்.

உரிமம் வாங்கித் தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் இளம் ஓட்டுநர்களுக்கு விபத்து வாய்ப்பு மிக அதிகம். இரவும், வண்டி நிறைய நண்பர்களும் அதைக் கூட்டுகின்றன. அதனால்தான் 1987ல் நியூசிலாந்து, இளையோருக்குப் படிப்படியாக உரிமம் தரும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு வேறு பல இடங்களும் அதைப் பின்பற்றின. உங்கள் ஊர்ச் சட்டம் கேட்காவிட்டாலும் வீட்டில் இதைச் செய்யலாம். கடைசி வகுப்புகளில் குறிப்பிட்ட தூரத்துக்கு நீங்கள் பேசவே மாட்டீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டு, முடிவுகளைப் பிள்ளையிடம் விடுங்கள். உரிமம் வந்த பிறகு முதல் வாரங்களில் பகல், தெரிந்த பாதை, நண்பர்கள் இல்லை, போன் அணைத்துப் பின் இருக்கையில். முதல் மழை இரவு வரும்போது, கூப்பிடாவிட்டாலும், பக்கத்து இருக்கையில் ஒருமுறை போய் உட்காருங்கள்.