தட்சிணசித்ராவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்களா?

சென்னையை அடுத்த கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் இருக்கிறது தட்சிணசித்ரா; தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டும் அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமை விடுமுறை. வேறொரு நாளில், வெயில் ஏறும் முன் காலை பத்து மணிக்கே உள்ளே போய்விடுங்கள்.

எல்லா வீடுகளையும் ஓட்டமாகக் காட்டினால் ஒன்றுமே மனதில் நிற்காது. பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு இரண்டு வீடுகள் போதும். செட்டிநாட்டு வீட்டில் விளக்கம் சொல்லும் முன் முற்றத்தில் நிறுத்தி, "மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேளுங்கள். கூரைச் சரிவு, ஓடு, வடிகால் என்று பிள்ளைகளே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள். திண்ணையின் அகலத்தைச் சாணால் அளந்து குறிக்கச் சொல்லுங்கள். இதற்கு இணையான பாடம் வேறில்லை.

பானை வனையும் பயிற்சி வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சக்கரத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் நாற்பது பேருக்கு 80 நிமிடம் ஆகும். அதனால் பாதிப் பேரை வீடு பார்க்க அனுப்பிவிட்டு, மீதிப் பேரைச் சக்கரத்தில் உட்கார வையுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோகும் ஈரப்பானைதான் பெரும்பாலும் உடைகிறது. வெயிலில் வைத்தால் மெல்லிய விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும். தடித்த அடிப்பகுதி ஈரமாகவே இருக்கும். இந்த வேறுபாட்டால்தான் விரிசல் விழும். செய்தித்தாளால் தளர்வாக மூடி, நிழலில் நாலைந்து நாள் வையுங்கள். சுடாத மண் என்பதால் தண்ணீர் ஊற்றக் கூடாது, கரைந்துவிடும். பேருந்தில் எடுத்துவர, அட்டைப்பெட்டியும் கசக்கிய பழைய காகிதமும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.