கடைசித் திருப்பத்தில் செய்யக்கூடாதவை

தங்கை மகன் செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஓட்டப் பழகுகிறான். தீபாவளிக்குக் கானாடுகாத்தான் வந்தவன், "அம்மான், போன வாரம் ஃபைனலுக்குத் திரும்பும்போது ரன்வேயின் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டேன். ரடரை அழுத்தி, சட்டென்று இழுத்துத் திருப்பி இறக்கிவிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னான். ஃபைனல் என்பது ரன்வேயை நேராக நோக்கி வரும் கடைசிக் கட்டம். ரடர் என்பது மூக்கை இடம் வலம் திருப்பும் வால்தகடு, காலால் அழுத்துவது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருடம் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். முகப்பில் உட்காரவைத்து, ஆத்தங்குடிக் கல் வரிசை ஒன்றை ரன்வேயாக வைத்து, கையை விமானமாக்கிக் காட்டினேன்.

சிறு விமானங்கள் இறங்கும்போது உயிரைக் குடிப்பவற்றில் இந்தத் திருப்பமும் ஒன்று. பின்காற்று தள்ளும்போது கோட்டைத் தாண்டிவிடுவோம். உடனே அதிகம் சாய்க்கப் பயந்து ரடரை மட்டும் உள்பக்கம் அழுத்துவோம். மூக்கு உள்ளே போகும், கூடவே தாழும். அதைத் தூக்க முன்னால் உள்ள கைப்பிடியை இழுப்போம். இப்போது உள்பக்க இறக்கைதான் முதலில் ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் விசையை இழக்கும். விமானம் அந்தப் பக்கமாகப் புரண்டு சுழல ஆரம்பிக்கும். தரையிலிருந்து 500 அடியில் அதை மீட்க உயரம் கிடையாது.

சரி, நன்றாகச் சாய்த்துத் திருப்பினால்? அதுவும் தவறு. நேராகப் பறக்கையில் 50 நாட் (மணிக்கு 50 கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் சுமார் 60 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். 60 டிகிரியில் 70 நாட்டிலேயே. ஃபைனலில் நாம் வருவதே 65 நாட்டில்தான். நான் கையைச் சாய்க்கச் சாய்க்க, பையன் விரலால் தரையில் கணக்குப் போட்டான். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான்.

தாழ்ந்துவிட்டோம் என்று தெரிந்ததும் மூக்கை மட்டும் தூக்குவது இன்னொரு தவறு. த்ராட்டிலை (என்ஜின் பவரை) கூட்டாமல் இழுத்தால் வேகம்தான் கரையும். நம் ஊர்ப் பக்கம் சித்திரை வெயிலில் செம்மண் பொட்டலுக்கு மேலே காற்று தூக்கும். தண்ணீர் நிற்கும் கண்மாய்க்கு மேலே வந்ததும் விமானம் தொப்பென்று அமுங்கும். கை த்ராட்டிலிலேயே இருக்கட்டும். குறுகலான ரன்வேயும் ஏமாற்றும். உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாகத் தோன்றவைத்து, நம்மைத் தாழ வரவைக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கெட்டுப்போன அப்ரோச்சை (இறங்க வரும் வரவை) எப்படியாவது சரிசெய்து இறங்கப் பார்ப்பது. 2010 மே 22 அன்று மங்களூரில் விபத்துக்குள்ளானது பெரிய விமானம்தான், ஆனால் தவறு இதேதான். உயரமாகவும் வேகமாகவும் வந்துகொண்டிருந்தது. துணை விமானி கோ-அரவுண்ட் (இறங்காமல் மேலேறிவிடலாம்) என்று சொல்லியும் கேப்டன் இறக்கினார். 158 பேர் போனார்கள்.

கோட்டைத் தாண்டினால் தாண்டியதுதான். இறக்கைகளைச் சமமாக்கு, முழு பவர் கொடு, இன்னொரு சுற்று போ. அதிலும் ஒரு தவறு உண்டு: பதற்றத்தில் ஃப்ளாப்ஸை (இறங்குவதற்காக இறக்கைகளின் பின்விளிம்பில் கீழே சாய்த்துவைத்த தகடுகளை) ஒரேயடியாக மேலே எடுத்துவிடுவது. அப்படிச் செய்தால் விமானம் கீழே அமுங்கும். முதலில் 20 டிகிரிக்கு எடு. வேகம் ஏறி, மேலே போகிறோம் என்று மீட்டர் காட்டிய அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதை எடு. இதை அவனை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, அதே கல் வரிசையில் பத்துத் தடவை கையால் செய்து காட்டவைத்தேன்.