ஹைட்ரோஃபோனை லேசர் அல்ட்ராசவுண்ட் வச்சு கேலிபரேட் பண்றது எப்படி

ஸ்கேன் மெஷின் ஸ்க்ரீன் ஓரத்துல எம்.ஐ.ன்னு ஒரு குட்டி நம்பர் இருக்கும், மெக்கானிக்கல் இண்டெக்ஸ், ஸ்கேன் அலையோட அழுத்தம் உடம்பை எவ்வளவு பாதிக்கலாம்னு காட்டுறது. அமெரிக்க மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அதுக்கு 1.9 தாண்டக்கூடாதுன்னு வச்சிருக்கு, கண் ஸ்கேனுக்கு 0.23 தான். அந்த நம்பர் எங்கேருந்து வருதுன்னா, தண்ணித் தொட்டிக்குள்ள ஒரு ஹைட்ரோஃபோன், அதாவது அலையோட அழுத்தத்தை வோல்டேஜா மாத்துற தண்ணிக்குள்ள வைக்கிற மைக், அளந்து சொன்ன அழுத்தத்துலேருந்து. அது தப்பா சொன்னா வயித்துல இருக்குற பிள்ளை மேல எவ்வளவு விழுதுன்னே நமக்குத் தெரியாம போயிடும், அதனால அது காட்டுற வோல்டேஜுக்கு உண்மையான அழுத்தம் எவ்வளவுன்னு கண்டுபிடிக்கிற இந்த கேலிபரேஷன் வேலையில நான் அவசரப்படவே மாட்டேன்.

அல்ட்ராசவுண்ட் அலையை அனுப்புற சாதாரண டிரான்ஸ்டியூசர் அதோட ஃப்ரீக்வென்சி பேண்டுக்குள்ள மட்டும்தான் நல்லா பேசும், 1லேருந்து 50, 60 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் வேணும்னா பலதை மாத்தி மாத்தி போடணும். லேசர்ல ஒரே அடி போதும். கண்ணாடி மேல கார்பன் கலந்த மெல்லிசான பிடிஎம்எஸ் (ஒரு வகை சிலிகோன் ரப்பர்) பூச்சு, அது மேல சில நானோசெகண்ட் லேசர் பல்ஸ் விழுந்தா படக்குன்னு சூடாகி விரியும், அந்த விரிவு தண்ணியில ரொம்பக் குட்டையான ஒரு அழுத்த அலையா கிளம்பும், அதுக்குள்ள நமக்கு வேண்டிய எல்லா ஃப்ரீக்வென்சியும் இருக்கும். இங்கிலாந்துல டெடிங்டன்ல உள்ள தேசிய அளவியல் ஆய்வகம் என்.பி.எல்.லும் லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகமும் இதுல நிறைய வேலை பண்ணியிருக்காங்க.

முதல்ல கண்ணாடி. இதுல நிறைய பேர் கோட்டை விடுறாங்க. பூச்சு விரியும்போது அலை பின்பக்கமும் போகும், கண்ணாடியோட மறுமுனையில மோதித் திரும்பி வரும். கண்ணாடியில சத்தம் செகண்டுக்கு சுமார் 5,600 மீட்டர் ஓடும், 3 மில்லிமீட்டர் கண்ணாடின்னா 1 மைக்ரோசெகண்ட்லயே எதிரொலி வந்து நிக்கும், அதுக்கு முன்னாடியே சிக்னலை வெட்டிடணும், அப்போ ஃப்ரீக்வென்சி கணக்கு 1 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளிதான் கிடைக்கும். 10 மில்லிமீட்டர் போட்டீங்கன்னா 3.5 மைக்ரோசெகண்ட் கிடைக்கும். தடிமனாவே வாங்குங்க.

இந்த லேசரோட 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அந்த வேவ்லெங்த்துக்குன்னே உள்ள பாதுகாப்பு மூக்குக்கண்ணாடி மாட்டாம லேசரைத் தொடாதீங்க. பீமை அகலமா விரிச்சு விடுங்க, அலை தட்டையா வரும், பூச்சும் கருகாது. ஷாட்டுக்கு ஷாட் எனர்ஜி மாறும், அதனால பீமுலேருந்து கொஞ்சம் பிரிச்சு ஒளியை சிக்னலா மாத்துற ஃபோட்டோடையோடுக்கு விட்டு அதையே ஸ்கோப் அளவெடுக்க ஆரம்பிக்கிற டிரிக்கரா எடுத்துக்கோங்க, அதோட ரீடிங்கால ஒவ்வொரு ஷாட்டையும் வகுத்திடுங்க.

தண்ணி காத்து நீக்கின, உப்பும் நீக்கின டீஅயனைஸ்டு தண்ணி. ஹைட்ரோஃபோனை ஒரு மணி நேரமாவது ஊற வைங்க. ஒரு தடவை 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேல சென்சிட்டிவிட்டி (ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு எத்தனை வோல்ட்) கர்வ் சரிஞ்சுகிட்டே போச்சு, கேபிள், ஆம்ப் எல்லாம் மாத்திப் பாத்தேன், கடைசில டார்ச் அடிச்சுப் பாத்தா முனையில கடுகைவிடச் சின்னதா ஒரு குமிழி, ஈரத் தூரிகையால தட்டி விட்டதும் சரியாப் போச்சு.

தூரம் 5 மில்லிமீட்டர் போதும், ஏன்னா 50 மெகாஹெர்ட்ஸ் அலை தண்ணியில செண்டிமீட்டருக்கு 5.5 டெசிபெல் போயிடும். ஸ்கோப்ல (ஆஸிலோஸ்கோப்) பூஜ்யத்துலயே ஒரு முள் தெரிஞ்சா பதறாதீங்க, கசிஞ்ச லேசர் ஒளி ஹைட்ரோஃபோன்ல விழுந்தது அது, உண்மையான அலை 3.4 மைக்ரோசெகண்ட் கழிச்சுதான் வரும். சாய்வை நிதானமா சரி பண்ணுங்க. ஹைட்ரோஃபோன்ல அழுத்தத்தை உணர்ற 0.2 மில்லிமீட்டர் எலிமென்ட் 3 டிகிரி சாஞ்சா ஒரு ஓரத்துக்கும் மறு ஓரத்துக்கும் 10 மைக்ரான் வித்தியாசம், 50 மெகாஹெர்ட்ஸ்ல அலைநீளமே 30 மைக்ரான்தான். சிக்னல் உச்சத்துக்கு வர்ற வரைக்கும் திருகுங்க.

இப்போ அளவு. லேசர் அலையை மட்டும்தான் கொடுக்கும், எத்தனை பாஸ்கல்னு சொல்லாது. அதை சொல்ல ஏற்கனவே இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளியை வச்சு நுண்ணிய அசைவை அளக்குற கருவி) வச்சு கேலிபரேட் ஆன ஒரு ரெஃபரன்ஸ் ஹைட்ரோஃபோன் வேணும். ரெஃபரன்ஸை வச்சு நூறு இருநூறு ஷாட் ஆவரேஜ் எடுங்க, எடுத்துட்டு அதே இடத்துல, அதே தூரத்துல உங்க ஹைட்ரோஃபோனை வைங்க, மறுபடி எடுங்க. ரெண்டுக்கும் எஃப்எஃப்டி (சிக்னலை ஃப்ரீக்வென்சி வாரியா பிரிக்கிற கணக்கு) போட்டு ஒவ்வொரு ஃப்ரீக்வென்சியிலயும் உங்க வோல்டேஜை ரெஃபரன்ஸ் வோல்டேஜால வகுத்து, ரெஃபரன்ஸோட சென்சிட்டிவிட்டியால பெருக்குங்க, கிடைக்கிறதுதான் உங்க ஹைட்ரோஃபோனோட சென்சிட்டிவிட்டி. ஸ்கோப்பை 50 ஓம்ல வச்சீங்களா 1 மெகா ஓம்ல வச்சீங்களா, எந்த ப்ரீஆம்ப், தண்ணி எத்தனை டிகிரி, எல்லாத்தையும் எழுதி வைங்க, இதுல ஒண்ணு மாறினாலும் அந்த கர்வ் வேற ஹைட்ரோஃபோனோட கர்வ் மாதிரிதான்.

முடிச்சதும் ரெஃபரன்ஸை திரும்ப அதே இடத்துல வச்சு இன்னொரு தடவை எடுங்க. காலையில வந்த ரீடிங்கோட ஒத்துப் போகலைன்னா நடுவுல எடுத்தது எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு மறுநாள் முதல்லேருந்து ஆரம்பிங்க.