திருமலையில் பழைய இடங்கள் காட்டுகிறவர்கள் விடுகிற பிழைகள்

திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, ஆட்களைக் கூட்டி வந்து பழைய இடங்களைக் காட்டுகிறவர்களின் முதல் பிழை கோட்டை வாசலிலேயே நடந்துவிடுகிறது. எல்லோருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போய்ச் சேரும் அவசரம். வான் வண்டி நிற்காமல் உள்ளே போய்விடும். வாசல் நிலைக்கல்லில் செதுக்கிய கயல் மீன்களையும் உடைந்த தமிழ் எழுத்துகளையும் யாரும் பார்ப்பதில்லை. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே எழுப்பிய கோட்டை இது. பிரட்றிக் கோட்டை என்ற பெயர் பிறகு ஆங்கிலேயர் வைத்தது. கோயில் இடிந்த கதையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை, இறங்குங்கள்.

இறங்கினாலும் அடுத்த பிழை காத்திருக்கிறது. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்கிற பாட்டு முழுவதையும் கல்லில் இருந்து வாசிப்பதுபோல ஒப்புவித்துவிடுவார்கள். கல்லில் மிஞ்சியிருப்பவை துண்டுகள்தான். ‘பறங்கி’ தெரியும், அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் சில எழுத்துகள் தெரியும். மற்றதெல்லாம் வழிவழியாக வந்த பாட்டை வைத்து நிரப்பியது. அதைச் சொல்வதால் கல்லின் மதிப்புக் குறைந்துவிடாது. கூட வரும் பிள்ளைகளிடம் எந்தெந்த எழுத்துத் தெரிகிறது என்று கேளுங்கள், கண் தானாகக் கல்லில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் போட்டோவில் தெளிவாக விழட்டும் என்று எழுத்தின் மேல் சோக்குக் கட்டியால் தேய்ப்பதோ எண்ணெய் பூசுவதோ வேண்டாம்.

மேலே கோயிலுக்குப் போனதும் கட்டடத்தையே ஆயிரம் வருடப் பழமை என்று அடித்துவிடுகிறவர்களும் உண்டு. தலம் பழையது, சம்பந்தர் பாடியது. கட்டடம் அப்படியல்ல. 1950இல் கிணறு வெட்டும்போது பழைய திருவுருவங்கள் கிடைத்தன, 1956இல் கடலுக்கடியில் இடிபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டன, புதிய கோயிலுக்கு 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. இந்த வரலாறே போதுமான அளவு சுவையானது. பிரான்சினா என்ற ஒல்லாந்துப் பெண் காதல் தோல்வியில் மலையிலிருந்து குதித்த கதையும் அப்படித்தான்: சொல்லலாம், கதை என்று சொல்லிச் சொல்லலாம். அவள் பிறகு கல்யாணம் முடித்து வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது.

கோட்டை மான்களுக்குத் தின்பண்டம் போடாதீர்கள், பொலித்தீனையும் சேர்த்துத் தின்றுவிடுகின்றன. உள்ளே இன்னும் ஆமி முகாம் இருக்கிறது, கமராவை எங்கே திருப்புகிறோம் என்பதில் கவனம்.

பயணத்தில் அநேகமாக விடுபட்டுப்போவது பெரியகுளத்துப் பக்கம் உள்ள வெல்கம் விகாரை. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன; இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி அது. தமிழர் கொடை கொடுத்த விகாரை என்பது யாருக்குமே வசதியான கதை இல்லை, அதனால்தான் ஓரங்கட்டப்படுகிறதோ என்னவோ.

வீடும் கோயிலும் வைத்திருப்பவர்கள் செய்கிற பிழைதான் இவை எல்லாவற்றிலும் பெரியது. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர் உதிர்ந்தால் உடனே சீமெந்து பூசிவிடுகிறோம். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சீமெந்து விடாது. நம்முடைய கடற்காற்றில் உப்பும் சேர்ந்து உள்ளே அடைபட்டுக் கட்டியாகி, கல்லையும் செங்கல்லையும் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். பூச்சுப் பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே சுவர் போய்க்கொண்டிருக்கும். கும்பாபிஷேகம் வந்தால் எழுத்துள்ள கல்லுக்கும் எனாமல் பெயின்ற் அடிப்பது இதே வகைதான். திருப்பணி தொடங்கும் முன் கல்வெட்டுகளைப் படமெடுத்து, தொல்லியல் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் போடுவது பெரிய வேலை இல்லை. தொல்லியல் பெறுமதி உள்ள இடமென்றால் அனுமதி இல்லாமல் தோண்டக்கூடாது, 1940ஆம் ஆண்டுச் சட்டம் அது.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போனால், அங்கே இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியை செய்ய வருகிற குடும்பங்களும் இருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், செல்பி எடுப்பவர்கள் கொஞ்சம் தள்ளி நிற்பார்கள். அப்புறம் ஒஸ்டன்பேர்க் கோட்டை: அது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. அனுமதி கைக்கு வருமுன் நோட்டீசில் அதன் பெயரை அச்சடிக்காதீர்கள்.